பவானிசாகர் அணை கசிகிறதாமே, பயப்பட வேண்டுமா?

சத்தியமங்கலத்துக்குக் கீழே பவானி ஆற்றோரம் வீடு கட்ட இடம் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பவானிசாகர் மண்ணால் கட்டிய அணை, கட்டி 70 வருடம் ஆகிவிட்டது, கரைக்கு வெளியே தண்ணீர் கசிந்து ஓடுவதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், 105 அடி அணையில் 102 அடி வந்ததுமே தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், அப்படியென்றால் அணை பலவீனமாகிவிட்டதா என்பது உங்கள் கேள்வி. வெள்ளத்தைத் தடுக்க வேண்டிய அணையே ஏன் வெள்ளத்தைத் திறந்துவிடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: கசிவு ஆபத்தா, 102 அடிக் கணக்கு எதற்கு, அந்த இடத்தில் வீடு கட்டலாமா. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. கசிவைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்தில் பாதியைக் குறைக்கலாம், இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் 31 வருடம் ஏரிக்கரைகளிலும் சின்ன, நடுத்தர மண் அணைகளிலும் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். பவானிசாகரில் பணியில் இருந்ததில்லை. அதன் பதிவேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசவில்லை. மண் அணை எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதும், இந்த அணையைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த விவரங்களும்தான் நான் சொல்லப்போவதற்கு அடிப்படை.

முதலில் அணை எதற்கு என்பதைப் பார்ப்போம். பவானிசாகர் வெள்ளத் தடுப்புக்கென்று கட்டிய அணை அல்ல, பாசனத்துக்குக் கட்டியது. 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்தார்கள். சுதந்திர இந்தியா கையில் எடுத்த முதல் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. நீலகிரியின் மேற்குச் சரிவிலிருந்து வரும் பவானியும், முதுமலைக் காட்டைச் சுற்றிக்கொண்டு வரும் மாயாறும் சேரும் இடத்தில் நிற்கிறது. கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). அங்கிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. இவ்வளவு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணீர் போதாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, பாதி நிலத்துக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து நன்செய்க்கும், மறுபாதிக்குத் தை பிறக்கும் சமயத்தில் திறந்து கடலை, எள் மாதிரிப் புன்செய்க்கும் முறைவைத்துக் கொடுக்கிறார்கள். இதற்குமுன்பே கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், 13-ஆம் நூற்றாண்டுக் காலிங்கராயன் வாய்க்காலும் இருந்தன. அந்தப் பழைய பாசனத்துக்கு ஆற்றிலேயே தண்ணீர் விட வேண்டும். மின்சாரம் இதில் கூடுதல் லாபம், அவ்வளவுதான். ஆக, இந்த அணையின் பிழைப்பே மழைக்காலத்தில் நிரம்பி, மழையில்லாத மாதங்களில் கொடுப்பது. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அணை காலியாக இருக்க வேண்டும், பாசனத்துக்கோ நிரம்பியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அணையிடம் முழுசாக எதிர்பார்க்க முடியாது.

இப்போது மண் என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த அணை முழுக்க மண் அல்ல. ஆறு ஓடும் நடுப்பகுதியில் கல் கட்டுமானம். ஷட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன, உபரி நீர் அதன் வழியாகத்தான் இறங்கும். அதற்கு இரண்டு பக்கமும் நீண்டு போவதுதான் மண் கரை. எல்லாம் சேர்த்து 8 கிலோமீட்டருக்கு மேல். ஆடி 18 அன்று அணைமேல் நடந்துபோக ஜனங்களை விடுகிற வழக்கம் இருந்தது. அப்படிப் போனவர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று கால் சொல்லியிருக்கும். இவ்வளவு நீளத்தைக் கல்லால் கட்டியிருந்தால் செலவு தாங்கியிருக்காது. அதோடு, மண் ஒன்றும் மட்டமான பொருள் இல்லை. சரியான மண்ணை, சரியான ஈரத்தில், பட்டை பட்டையாகப் போட்டு ரோலர் ஓட்டி இறுக்கினால், அது தன் எடையாலேயே தண்ணீரை எதிர்த்து நிற்கும். நிலம் சற்று அமுங்கினாலும் கல் சுவர் மாதிரி வெடிக்காது, கூடவே அமுங்கிக் கொடுக்கும். நம் ஏரிக்கரைகள் பல நூறு வருடமாக நிற்பதற்கும் இதுதான் காரணம்.

கசிவு விஷயம்தான் இதில் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கசியாத மண் அணை உலகத்தில் கிடையாது. ஒரு பக்கம் அத்தனை தண்ணீர் தேங்கி நின்றால், அது மெல்ல மெல்ல மண்ணுக்குள் ஊறி மறுபக்கம் வரத்தான் செய்யும். கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கரையின் வெளிப்பக்கத்து அடிவாரத்தில் மணலும் ஜல்லியும் கல்லும் அடுக்கி வடிகால் வைப்பார்கள். கசிகிற நீர் கரையின் உடம்பில் எங்கோ வெளியே வராமல், அந்த வடிகாலில் இறங்கி, ஓர் ஓடையில் சேர்ந்து போக வேண்டும். அந்த ஓடையில் முக்கோண வெட்டுள்ள தகடு ஒன்றைப் பதித்து, அதில் எத்தனை அங்குலம் தண்ணீர் வழிகிறது என்று பார்த்து எழுதுவார்கள். அணை மட்டம் ஏறும்போது அந்த அளவும் ஏறும், இறங்கும்போது இறங்கும். அப்படி இருந்தால் அணை ஆரோக்கியமாக மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் சொன்னவர் பார்த்தது இந்த ஓடையாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. அணை மட்டம் ஏறாமலே கசிவு கூடினால், நேற்றுவரை காய்ந்திருந்த சரிவில் புதிதாக ஈரம் தட்டினால், எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிற தண்ணீர் கலங்கி வந்தால், அப்போது தூக்கம் கூடாது. கலங்கி வருகிறது என்றால் தண்ணீர் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அரித்த இடத்தில் குழாய் மாதிரி ஓட்டை விழும். ஓட்டை பெரிதாகப் பெரிதாக வேகம் கூடும், வேகம் கூடக் கூட ஓட்டை இன்னும் பெரிதாகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன அணையில் வயதான லஸ்கர் (கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஒருவர் இருந்தார். தினமும் காலையில் கசிவு ஓடையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தேதி எழுதிய சீட்டை ஒட்டி, அலமாரி மேல் வரிசையாக வைப்பார். மறுநாள் பாட்டிலை அசைக்காமல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். விரலை விட்டுத் துழாவி, கட்டை விரலால் தேய்த்தும் பார்ப்பார். நறநற என்றால் மணல், வழவழ என்றால் வண்டல். எந்தக் கருவியும் இல்லாமல் அவர் செய்தது அணைப் பாதுகாப்பின் முதல் பாடம்.

அவரிடமிருந்தே இன்னொன்றும் கற்றேன். ஐப்பசி அடைமழையில் ஓர் ஏரிக்கரைக்கு வெளியே, கரையடியிலிருந்து பத்தடி தள்ளி, தரையில் தண்ணீர் கொப்பளித்தது. உலை கொதிக்கிற மாதிரி, சுற்றிலும் மணல் வட்டமாகக் குவிந்திருந்தது. களிமண் மூட்டைகளைப் போட்டு அடைக்கச் சொன்னேன். அந்தப் பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "அடைச்சீங்கன்னா வேற பக்கம் பிச்சுக்கும் சார். தண்ணி போகட்டும், மண்ணு போகக் கூடாது" என்றார். கொப்பளித்த இடத்தின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி கொட்டி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினோம். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் தெளிந்து வந்தது. கரையோரம் வீடு இருக்கிற எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் வருகிற ஊற்றைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது.

உள்ளரிப்பு எவ்வளவு வேகமாக அணையைக் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்காவின் டீட்டன் அணை உதாரணம். 300 அடிக்கு மேல் உயரமான மண் அணை, முதல்முறை தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5 காலை ஏழு, ஏழரைக்குக் கலங்கல் நீர் கசிவதைப் பார்த்தார்கள். மதியம் 12 மணிக்குள் அணை உடைந்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் இலங்கையின் கந்தளாய்க் குளம். மன்னர் காலத்துக் குளம். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கரை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடைந்த மண் அணைகளின் உலகக் கணக்கை எடுத்தால், ஏறக்குறைய சரிபாதி இந்த மாதிரி உள்ளரிப்பால், இன்னொரு பாதி தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்ததால். உள்ளரிப்பில் பெரும்பகுதி முதல் நிரப்பலிலோ முதல் ஐந்து வருடத்திலோ நடந்துவிடுகிறது. இந்த வகையில் 70 வருடம் என்பது பவானிசாகருக்குச் சாதகம். பல முறை நிரம்பி, வற்றி, மறுபடி நிரம்பிப் பழகிய கரை அது. ஆனால் கந்தளாயை மறந்துவிடக் கூடாது. பழைய கரை என்பது ஆறுதல்தான், உத்தரவாதம் இல்லை. மண் கரைக்குள் மதகுக் குழாய் போகிற இடமும், மண் கரை கல் கட்டுமானத்தோடு சேருகிற இடமும் எந்த அணையிலும் எப்போதும் கண் வைக்க வேண்டிய இடங்கள்.

சரி, 102 அடிக்கு வருவோம். அணையின் மொத்த உயரத்தை 120 அடி என்பார்கள். அடியில் 15 அடியைச் சேற்றுக்குக் கழித்துவிட்டு 105 அடி என்று கணக்கு. அக்டோபர் முடியும்வரை 102 அடியோடு நிறுத்தி, நவம்பரிலிருந்து 105 வரை தேக்குவது நடைமுறை. ஏன் அந்த மூன்றடியைக் காலியாக வைக்கிறார்கள்? மண் கரையின் பெரிய எதிரி கரைமேல் வழியும் தண்ணீர். கல் அணைமேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கிவிடும். மண் கரைமேல் வழிந்தால் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் திடீரென்று வரும் வெள்ளத்தைத் தாங்கக் கொஞ்சம் இடம் வேண்டும். 102-க்கும் 105-க்கும் இடையே பிடிப்பது சுமார் இரண்டரை டிஎம்சி. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டிஎம்சி ஆகும். அப்படியானால் விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வந்தால் இந்த மூன்றடி ஒரே நாளில் தீர்ந்துவிடும், 60 ஆயிரம் வந்தால் அரை நாள்கூட ஆகாது. மேலே பில்லூர் சின்ன அணை, மழைக்காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். அங்கே திறந்தால் அப்படியே இங்கே வரும். மாயாற்றிலும் அதே சமயம் வெள்ளம் வரலாம். ஆக அந்த மூன்றடி, ஷட்டரை நிதானமாகத் தூக்கவும் கீழே இருக்கும் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பவும் கிடைக்கும் அவகாசம். 102-ல் திறக்கிறார்கள் என்றால் அணை பலவீனமாகிவிட்டது என்று அர்த்தமே இல்லை. மண் அணையை அப்படித்தான் நடத்த வேண்டும்.

நாலு நாள் காத்திருந்தால் அத்தனை தண்ணீரும் நமக்கு ஆகியிருக்குமே என்று ஒவ்வொரு வருடமும் விவசாயிகள் கேட்பது எனக்குப் புரிகிறது. நானும் விவசாயக் குடும்பம்தான். ஆனால் 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மச்சு-2 அணைக்கு நடந்ததைப் படித்த பிறகு அந்த மூன்றடியை யாராவது குறைகூறினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அதுவும் பவானிசாகர் மாதிரியே நடுவில் கல் கட்டுமானம், இரு பக்கமும் மண் கரை. கட்டும்போது எதிர்பார்த்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெள்ளம் வந்தது, ஷட்டர்களில் சில திறக்கவில்லை. தண்ணீர் மண் கரைமேல் ஏறி இரண்டு பக்கத்தையும் கொண்டுபோய்விட்டது. நடுவில் கல் கட்டுமானம் மட்டும் அப்படியே நின்றது. கீழே மோர்பி நகரம் மூழ்கி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இனி சொல்வதில் எனக்கே முழு நிம்மதி கிடையாது. 1940-களில் இந்த அணைக்கு வெள்ளக் கணக்குப் போட்டவர்கள் கையில் குறைந்த வருடங்களின் மழைப் பதிவுதான் இருந்திருக்கும். அதன்பின் மலை மாறிவிட்டது, மழையும் மாறுகிறது. நவம்பருக்குள் தென்மேற்குப் பருவமழை முடிந்துவிடும் என்பதால் 105-க்கு விடுகிறார்கள், அது பொதுவாகச் சரி. ஆனால் 2009 நவம்பர் 10-ல் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் காட்டேரி ஓடை, குன்னூர் ஆறு வழியாகப் பவானிக்குத்தான் இறங்குகிறது. அப்படி ஒரு மழை, அணை 105-ல் நிற்கும்போது, இன்னும் பரந்த இடத்தில் பெய்தால் என்ன என்பதைப் புதிய மழைக் கணக்கோடு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். வண்டலும் அப்படித்தான். மலைச்சரிவில் மண் சரியச் சரிய அணைக்குள் படிந்துகொண்டே இருக்கும். 32.8 என்பது கட்டியபோது இருந்த கொள்ளளவு. அதையே என்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2021-ஆம் வருட அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பார்வையிட வேண்டும், வெளி நிபுணர் குழுவை வைத்து முழு ஆய்வு செய்ய வேண்டும், அணைக்கு ஆபத்து வந்தால் யார் யாரை எப்படி வெளியேற்றுவது என்று அவசரகாலத் திட்டம் எழுதிவைக்க வேண்டும். உங்கள் ஊர்க் கிராமசபையில் எழுந்து, அந்த அவசரகாலத் திட்டத்தில் நம் ஊர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அணை பலமா பலவீனமா என்று கேட்பதைவிட அது பிரயோஜனமான கேள்வி.

அணையின் நிலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கவனிக்கக் கூடியவையும் சில உண்டு. கரைமேல் மரம் வளர்ந்திருந்தால் அழகுதான், ஆனால் மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அந்த இடத்தில் தண்ணீருக்குப் பாதை கிடைக்கும். எலி, பெருச்சாளி வளை, கறையான் புற்று எல்லாம் அதே ஆபத்துதான். உள்சரிவில் கல் பாவியது சரிந்திருந்தால் அலை மண்ணைக் கரைக்கும். கரை உச்சி ஒரே மட்டமாக இல்லாமல் ஓரிடத்தில் தணிந்திருந்தால், வெள்ளம் அங்கேதான் முதலில் வழியும். ஷட்டரைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றுதான். மழைக்கு முன்பு அத்தனையையும் ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்தார்களா, மின்சாரம் இல்லாமல் தூக்க ஜெனரேட்டர் தயாரா. மண்ணுக்கு வயதானால் பரவாயில்லை, இரும்புக்கு வயதாகும். நிலநடுக்கத்தையும் பலர் கேட்கிறார்கள். நம் பகுதிக்கு அதைப் பட்டியலில் கடைசியில் வைக்கிறேன்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்கிறேன். கீழ்பவானி ஆயக்கட்டில், அதாவது அந்த வாய்க்கால் பாயும் நிலப்பகுதியில், இருப்பவர்களுக்கு அணையைவிட வாய்க்கால் கரைதான் அடிக்கடி தொல்லை கொடுப்பது. அதுவும் மண் கரைதான், அது உடைந்து வயல் மூழ்கியதெல்லாம் நடந்திருக்கிறது. 700 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது, கசிவு நின்றால் கிணறுகள் வற்றிவிடும் என்று ஒரு பக்கமும், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று இன்னொரு பக்கமும் நின்றார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 70 வருடமாக அந்தக் கசிவை நம்பியே கிணறும் தோப்பும் வளர்ந்திருக்கின்றன. என் கருத்து, பலவீனமான கரையையும் மதகையும் மட்டும் தேடிப் பலப்படுத்துவது, மற்ற இடத்தில் மண்ணை மண்ணாக விடுவது.

அப்புறம் உங்கள் இடம். அணை உடையும் என்ற பயத்தால் அதை விட வேண்டாம். ஆனால் அணை நன்றாக இருக்கும்போதே ஆற்றில் விடும் உபரி நீருக்குப் பயப்பட வேண்டும். பவானியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கன அடி திறந்தால் கொடிவேரியில் யாரையும் இறங்க விடுவதில்லை, கீழே பவானி ஊர்வரை தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறுகிறது. நாலைந்து வருடம் அணை நிரம்பாமல் போனால் ஆறு ஒடுங்கிக் கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் ஆற்றோர இடங்கள் நல்ல விலைக்குக் கைமாறும். அணை நன்றாக வற்றும்போது உள்ளே மூழ்கிய தண்டநாயகன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும், ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த வருடங்களில் பார்த்த ஆற்றை நம்பி அஸ்திவாரம் போடக் கூடாது. 2018 ஆகஸ்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துத் தோட்டத்தில் கேளுங்கள். இடத்தை விற்கிறவரிடம் கேட்காதீர்கள். ஆடு மேய்க்கிறவர்கள், பரிசல் போட்டவர்கள், ஆற்றோரக் கோயில் பூசாரி, இவர்களுக்குத் தெரியும். கோயில் சுவரிலோ மோட்டார் ரூமிலோ தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் குறைந்தது நாலைந்தடி உயரத்தில் தரைத்தளம் வரவில்லையென்றால், முன்பணம் கொடுத்திருந்தாலும் சரி, நான் அந்த இடத்தை வாங்க மாட்டேன்.